பி.சி.ஆர்-ஏ.பி.எல்.1 அறிக்கையை வாசிப்பது எப்படி?

கிளினிக்கில் வைத்தியர் "பி.சி.ஆர்-ஏ.பி.எல்." என்று சொல்லக் கேட்டதும் வன்னியில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, கொரோனாக் காலத்தில் மூக்கினுள் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையே. தவறு அவர்களுடையதன்று. ஆங்கிலத்தில் இவ்விரண்டு பெயர்களும் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பி' தான் உண்டு. போதாக்குறைக்கு, நாம் பேசப்போகும், நாட்பட்ட மைலோயிட் இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு வரும் அறிக்கையில் இரண்டுமே இடம்பெறுகின்றன: ஒன்று 22ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு மரபணுவின் பெயர், மற்றையது அந்த மரபணு சம்பந்தப்பட்ட கோளாற்றை அளக்கும் ஆய்வுகூட முறையின் பெயர். ஆகவே இங்கே முதலாவதைப் பி.சி.ஆர். மரபணு என்றும் இரண்டாவதைப் பி.சி.ஆர். பரிசோதனை என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற காரணத்தால், அயலவர்கள் இத்தகைய தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டு விறாந்தைக்கு வருவதுண்டு. சிகிச்சை பற்றி முடிவெடுப்பது என் வேலையுமன்று, இதை வாசிப்பவரின் வேலையுமன்று. அது குருதிநோய் வைத்தியருக்குரியது. ஆயினும் மஹரகமவிலோ தெல்லிப்பழையிலோ உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு விடியற்காலையில் புறப்பட்டுப் போய், நாளெல்லாம் வரிசையில் இருந்து, ஐந்து நிமிடம் வைத்தியரைக் கண்டு திரும்புபவருக்கு, கையிலுள்ள தாள் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

முதலில் மரபணுவின் வேலை

அறிக்கையை எடுப்பதற்கு முன் ஏ.பி.எல்.1 என்பது எதற்காக உடம்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையேல் அதிலுள்ள எண்கள் வெறும் எண்களாகவே இருக்கும். இது 9ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தின் நுனிக்கு அண்மையில் அமைந்துள்ள ஒரு மரபணு. எலிகளில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரசை 1970இல் விவரித்த ஏபல்சன் என்பவரின் பெயரிலிருந்தே இப்பெயர் வந்தது. இம்மரபணுவின் குறிப்பின்படி உருவாகும் புரதம் ஒரு கைனேஸ் நொதியம். கைனேஸ் என்றால், கலத்தில் சக்தியைச் சுமக்கும் ஏ.ரீ.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தைக் கழற்றி இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டுவது. அப்படி ஒட்டப்பட்ட புரதம் தன் வடிவத்தையோ நடத்தையையோ மாற்றிக்கொள்ளும். மனிதரில் இத்தகைய கைனேஸ்கள் 500க்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 90 மட்டுமே தைரோசின் என்னும் அமினோ அமிலத்தின்மேல் பொசுபேற்றை ஒட்டுபவை. ஏ.பி.எல்.1 அந்தச் சிறிய குழுவைச் சேர்ந்தது. கலம் வளர்வது, பிரிவது, இடம்பெயர்வது, டி.என்.ஏ. சேதமடைந்தால் அதற்கு எதிர்வினை காட்டுவது ஆகியவற்றுக்கான கட்டளைகள் கடந்து செல்லும் வழியில் அது நிற்கிறது.

வயலோடு பழகியவர்களுக்கு நான் குளத்துத் துருசைக் காட்டியே இதை விளக்குவேன். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ துருசு எப்போதும் திறந்திருப்பதில்லை. கூட்டத்தில் தீர்மானித்த நாளில் திறந்து, வாய்க்காலுக்கு வேண்டிய அளவு விட்டு, மூடிவிடுவார்கள். தண்ணீரை விடுவது எவ்வளவு முக்கியமோ, மூடுவதும் அவ்வளவு முக்கியம். ஏ.பி.எல்.1 புரதமும் பெரும்பாலான நேரம் மூடியே இருக்கிறது. அதை மூடி வைத்திருக்கும் பூட்டு அதன் உடம்பிலேயே உள்ளது: அப்புரதத்தின் ஒரு வடிவத்தில், தொடக்க முனையில் கொழுப்பமிலத் துண்டொன்று ஒட்டியிருக்கும்; அது வளைந்து வந்து கைனேஸ் பகுதியின் அடியிலுள்ள குழிக்குள் சொருகிக்கொண்டு முழுப் புரதத்தையும் இறுக்கிப் பிடிக்கும். கட்டளை வரும்போது பூட்டுத் தளர்கிறது, வேலை நடக்கிறது, மீண்டும் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லும்போது அது திரும்ப வரும்.

பூட்டு எப்படிக் கழன்றது

என்பு மச்சையில் குருதிக் கலங்களை உருவாக்கும் மூலக்கலம் ஒன்றில், 9ஆம் நிறமூர்த்தமும் 22ஆம் நிறமூர்த்தமும் தலா ஓரிடத்தில் முறிந்து, முறிந்த துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதனால் ஏ.பி.எல்.1 மரபணுவின் பெரும்பகுதி 22ஆம் நிறமூர்த்தத்துக்குப் போய், அங்கிருக்கும் பி.சி.ஆர். மரபணுவின் முன்பகுதியோடு இணைந்துவிடுகிறது. முறிவு நிகழும் இடந்தான் இங்கே கவனிக்க வேண்டியது: ஏ.பி.எல்.1இன் தொடக்கத் துண்டு, அதாவது பூட்டுக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதி, இந்த இணைப்பில் சேருவதில்லை. அதற்குப் பதிலாக வந்து சேரும் பி.சி.ஆர். பகுதியோ புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கூட்டமாக்கும் இயல்புடையது. அவ்வாறு கூடிய புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. பூட்டும் இல்லை, மூடச் சொல்லும் ஆளும் இல்லை. வெண்குருதிக் கலங்கள் வேண்டுகோள் இன்றியே பெருகத் தொடங்குகின்றன. இதுவே நாட்பட்ட மைலோயிட் இரத்தப் புற்றுநோய். கிளினிக்கில் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள்.

இயல்பைவிடச் சிறிதாகிப்போன அந்த 22ஆம் நிறமூர்த்தத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கபோர்ட் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். அதனாலேயே சில அறிக்கைகளில் 'பிலடெல்பியா நிறமூர்த்தம் உண்டு' என்று இருக்கும். அது ஊரின் பெயரே தவிர வேறொரு நோயன்று. துண்டு தொலைந்துபோகவில்லை, இடம்மாறியே இருக்கிறது என்று 1973இல் காட்டியவர் ஜனற் ரௌலி.

முதலில் பார்க்க வேண்டிய தாள்

மரபணு அறிக்கைக்கு முன்னர் வந்த முழுக் குருதி எண்ணிக்கை (எப்.பி.சி.) தாளைத் தேடி எடுங்கள். வன்னியில் எப்.பி.சி. செய்யாத வீடு இப்போது இல்லை. மாரி தொடங்கினால் டெங்குச் சந்தேகத்தில் வீட்டுக்கொரு தாளாவது இருக்கும். டெங்கில் வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் குறைவதையே எல்லோரும் பார்த்துப் பழகியிருக்கிறோம். சி.எம்.எல்.லில் கதை மறுதலை: ஒரு கனமில்லிமீற்றரில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் பல வேளைகளில் ஓர் இலட்சத்தையும் தாண்டியிருக்கும், முற்றாத கலங்களும் குருதியில் காணப்படும், பேசோபில் என்னும் வகை கூடியிருக்கும். காய்ச்சலுக்கென்று கொடுத்த குருதியில் தற்செயலாக இந்நோய் பிடிபடுவதும் உண்டு.

களைப்பு, மெலிவு, இரவில் வியர்த்தல், இடது விலாவின் கீழ் ஒரு பாரம், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பியதுபோன்ற உணர்வு ஆகியவை மண்ணீரல் வீங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். முன்னர் இப்பகுதியில் மண்ணீரல் வீங்கினால் மலேரியா என்றே எண்ணுவது வழக்கமாயிருந்தது. அந்த எண்ணத்துக்கு அன்று காரணம் இருந்தது. இலங்கையில் 2012க்குப் பின்னர் உள்ளூர்த் தொற்று இல்லாதுபோய், 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்றளித்துவிட்டது. ஆகவே இன்று விலாவுக்குக் கீழே கட்டிபோல் தட்டுப்பட்டால் பழைய விளக்கத்தோடு திருப்திப்பட்டுவிடாமல் ஓர் எப்.பி.சி. செய்துகொள்வது நல்லது.

எண்ணை வாசித்தல்

இனி மரபணு அறிக்கை. அதில் மூன்று இடங்களைத் தேடுங்கள். முதலாவது, மாதிரி எடுத்த நாள். அறிக்கை அச்சான நாளை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் இடையில் வாரங்கள் கடந்திருக்கும். இரண்டாவது, எந்த வகை இணைப்பு என்ற குறிப்பு: சி.எம்.எல்.லில் பெரும்பாலும் பி210 என்றிருக்கும். பி190 என்பது பெரும்பாலும் இன்னொரு வகையான, வேகமாக வளரும் இரத்தப் புற்றுநோயில் காணப்படுவது. மூன்றாவது, ஒரு சதவீத எண்ணும் அதனருகே ஐ.எஸ். என்னும் இரண்டு எழுத்துகளும். ஐ.எஸ். என்றால் சர்வதேச அளவுகோல். அந்த எழுத்துகள் இருந்தால்தான் ஓர் ஆய்வுகூடத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடலாம். இல்லாத அறிக்கையை அதே ஆய்வுகூடத்தின் முந்திய அறிக்கையோடு மட்டுமே ஒப்பிடுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் தொடர்வது மேல் என்பது என் கருத்து.

இந்தச் சதவீதம் எதைச் சொல்கிறது? "உடம்பில் பத்துச் சதவீதம் புற்றுநோய்" என்று ஒருவர் சொல்ல, வீட்டில் அழுகை எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படியன்று. கலங்களிலிருந்து பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.யில், இணைந்த மரபணுவின் படிகள் ஒப்பீட்டு மரபணு ஒன்றின் படிகளோடு பார்க்கையில் எவ்வளவு என்று பி.சி.ஆர். பரிசோதனை கணிக்கிறது, அதை அளவுகோலுக்கு ஏற்ப மாற்றி அறிவிக்கிறார்கள். உடம்பின் பங்கைச் சொல்லும் எண்ணன்று அது. இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்ப்பதற்கான எண்.

சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ, ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ, பன்னிரண்டு மாதத்தில் 0.1 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறங்குவதே வைத்தியர்கள் எதிர்பார்க்கும் பாதை. 0.1க்குக் கீழே நிலைத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். 0.01க்குக் கீழே போனால் அதை ஆழ்ந்த பலன் என்பார்கள். ஒவ்வொரு படியும் பத்திலொன்றாகக் குறைகிறது என்பதை மறவாதீர்கள். 10இலிருந்து 1க்கு வருவதும் 1இலிருந்து 0.1க்கு வருவதும் ஒரே அளவான வெற்றிகளே.

கடந்த சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, அறுபது கடந்த விவசாயி ஒருவர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்றில் 0.05, மற்றையதில் 0.08. "மாஸ்ரர், கூடிப்போச்சென்று பெடியன் இரவு முழுக்க நித்திரை கொள்ளேல்லை" என்றார். இரண்டும் 0.1க்குக் கீழே. இவ்வளவு நுண்ணிய அளவீட்டில் இத்தகைய ஏற்ற இறக்கம் பரிசோதனையின் இயல்பான தளம்பலுக்குள் அடங்கிவிடக்கூடியது என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "துருசு மூடினாப்பிறகும் வாய்க்காலிலை கசிவு இருக்கும்தானே" என்றார். என் பாடத்தைவிட அது தெளிவாக இருந்தது. தனித்த ஓர் எண்ணைப் பார்த்துக் கலங்காமல் வரிசையைப் பாருங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் நாள், எண், ஆய்வுகூடம், அந்த மாதம் தவறிய குளிசைகளின் எண்ணிக்கை என்று நான்கு நிரல்கள் போட்டு எழுதிவந்தால் போதும். 0.1க்கு மேலே திரும்ப ஏறினாலோ, ஏறுமுகம் தொடர்ந்தாலோ அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியருக்குத் தெரியப்படுத்துங்கள்.

குளிசையும் வீட்டு வழக்கங்களும்

சி.எம்.எல்.லுக்குக் குளிசையாகக் கொடுக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து ஏ.பி.எல்.1 புரதத்தில் ஏ.ரீ.பி. வந்து அமரும் பள்ளத்தை ஒட்டிப் போய் உட்கார்ந்து, கைனேஸ் மூடிய நிலையில் இருக்கும்போதே அதை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிரையன் ட்ரூக்கரும் நிக்கலஸ் லைடனும் இம்மருந்தின் வரலாற்றில் முதன்மையானவர்கள். 1998இல் மனிதரில் தொடங்கிய முதற்சோதனையில், 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்குக் குருதி எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதத்தில் அமெரிக்கா அனுமதியளித்தது; 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது.

குளிசை பள்ளத்தில் அமர்ந்திருக்கும்வரைதான் துருசு மூடியிருக்கும். மருந்து உடம்பிலிருந்து கழிந்துபோனால் அது மீண்டும் திறந்துகொள்ளும். உடம்பு சுகமாக இருக்கிறதே என்று இரண்டு நாள் விடுவதன் ஆபத்து இதிலேதான் இருக்கிறது. இலண்டனில் 87 நோயாளரின் குளிசைப் போத்தல் மூடிகளில் மின்னணுக் கருவி பொருத்திக் கவனித்து 2010இல் வெளியான ஆய்வொன்றில், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களுள் ஆறு ஆண்டுகளில் 0.1 என்ற இலக்கை எட்டும் வாய்ப்பு 94 சதவீதமாகவும், அதற்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு 28 சதவீதமாகவும் இருந்தது. பத்தில் ஒன்று தவறுவது என்றால் மாதத்துக்கு மூன்று குளிசை மட்டுமே.

நாட்பட்ட நிலையில் வழமையான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். உணவோடு, ஒரு பெரிய குவளை தண்ணீரோடு எடுக்க வேண்டும். வெறுவயிற்றில் எடுத்தால் குமட்டும். இங்கேதான் விரதங்கள் வந்து நிற்கின்றன. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பவர்கள் குளிசையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். ஒருநேர உணவு உண்ணும் விரதமென்றால் அந்த உணவோடு குளிசையை எடுங்கள். முற்றாக உண்ணாத விரதமென்றால் அதைப் பற்றிக் கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். ஒருவேளை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாக எடுக்கக் கூடாது. தகரக் கூரையின் கீழே, சாமிப்படத் தட்டில், வெயில் படும் யன்னலோரத்தில் வைக்காமல், 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்காலில் பிடிப்பு, குமட்டல், தோலில் தடிப்பு ஆகியவை வரக்கூடும். பொறுக்க முடியாவிட்டால் சொல்ல வேண்டும், தாமாகக் குறைக்கக் கூடாது. வேறு மருந்துகளையும் மறைக்க வேண்டாம். காசநோய்க்குக் கொடுக்கும் றிபம்பிசினும் வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயினும் இமாற்றினிப்பை விரைவாக உடைத்து வெளியேற்றச் செய்யும். எண் காரணமின்றி ஏறியதுபோலத் தோன்றும். நாட்டு வைத்தியரிடம் வாங்கிய கசாயமானாலும் பெயரோடு கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்னரே வைத்தியருடன் பேச வேண்டும். கர்ப்ப காலத்தில் இம்மருந்து குழந்தைக்குத் தீங்கு செய்யலாம்.

ஒழுங்காக எடுத்தும் எண் ஏறினால்

அப்போது கைனேஸ் பகுதியில் புதிய விகாரம், அதாவது மரபணு மாற்றம், உண்டா என்று பார்க்க வேறொரு பரிசோதனை செய்வார்கள். அந்த அறிக்கையில் ரீ315ஐ என்று இருந்தால் அதன் பொருள் இதுதான்: 315ஆம் இடத்திலிருந்த திரியோனின் என்னும் அமினோ அமிலம் ஐசோலூசினாக மாறிவிட்டது. மருந்து பற்றிக்கொள்ளும் கொக்கி ஒன்று போய்விட்டது; பருத்த ஐசோலூசின் வாசலையும் அடைக்கிறது. இமாற்றினிப் மட்டுமன்றி, பின்னர் வந்த டசற்றினிப்பும் நிலோற்றினிப்பும் இதனிடம் தோற்கும். பொனற்றினிப் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகும் வடிவமுடையது. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப் எனக்கு மிகவும் பிடித்தது: அது வாசலுக்கே போவதில்லை. நான் முன்னர் சொன்ன கொழுப்பமிலப் பூட்டு சொருகும் அடிக்குழி இருக்கிறதல்லவா, நேரே அதற்குள் போய், தொலைந்த பூட்டின் இடத்தில் தான் நின்று மூடுகிறது. எந்த மருந்து யாருக்கு என்பதும், எது இங்கே கிடைக்கும் என்பதும் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை.

விறாந்தையில் கேட்கப்படும் மற்றைக் கேள்விகள்

"பிள்ளையளுக்கும் வருமோ?" என்ற கேள்வி கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் தாழ்ந்த குரலில் வரும். நமது பாடநூல்கள் மரபணுவைப் பரம்பரையலகு என்று அழைப்பதால், அதில் பிழை என்றதும் பரம்பரை நோய் என்றே எண்ணிவிடுகிறார்கள். சி.எம்.எல்.லில் முறிவு நிகழ்வது பிறந்தபின், என்பு மச்சையின் ஒரு கலத்தில். முட்டையிலோ விந்திலோ அன்று. ஆகவே அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. ஏ.பி.எல்.1இல் பிறவியிலேயே உள்ள மிக அரிதான விகாரங்கள் இதயக் குறைபாட்டையும் எலும்புருவ மாற்றங்களையும் உண்டாக்குவதாக 2017இல் கண்டறிந்திருக்கிறார்கள்; அது முற்றிலும் வேறு விடயம்.

மற்றைக் கேள்வி, 2009இல் நாம் சுவாசித்த புகையாலா என்பது. உறுதியாக அறியப்பட்ட காரணி உயர் அளவுக் கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களிடம் அது தெளிவாகக் காணப்பட்டது. பெரும்பாலான நோயாளரில் சுட்டிக்காட்டக்கூடிய காரணம் எதுவுமே இருப்பதில்லை. கேட்பவரின் மனத்தில் இருப்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று என்பதால், இந்தப் பதிலை நான் அவசரமாகச் சொல்லிவிடுவதில்லை.

குளிசையை எப்போதாவது நிறுத்தலாமா என்றும் கேட்பார்கள். பல ஆண்டுகள் சிகிச்சை பெற்று, ஆழ்ந்த பலன் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அசையாமல் நின்றவர்களுக்கு, வைத்தியரின் தீர்மானத்தில், தொடக்கத்தில் மாதந்தோறும் பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொண்டு நிறுத்திப் பார்க்கிறார்கள். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பும், மருந்தை மீண்டும் தொடங்கினால் அநேகமாக அடங்கும். மாதந்தோறும் பரிசோதனை செய்ய வழியில்லாத இடத்தில் இதை நினைக்கவும் கூடாது. அந்தப் பெரியவரும் அண்மையில் இதைக் கேட்டார். கொப்பியைப் பிரித்துப் பார்த்தோம், 0.01க்குக் கீழே வந்த முதல் எண்ணுக்கு இன்னும் எட்டு மாதமே ஆகியிருந்தது. அடுத்த குருதி எடுக்கும் திகதியைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் நேரமாகிவிட்டதென்று சைக்கிளை எடுத்தார்.